பூசணிக்கு நாலு தண்ணி

கள்ளக்குறிச்சியில் இருப்பவர்கள் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டும். போய் வருவதற்குள் ஒரு நாள் காலி. மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை, மற்ற பக்கமெல்லாம் மக்காச்சோளமும் மரவள்ளியும் கரும்பும். அப்படிப்பட்ட ஊரில், கச்சிராயபாளையம் சாலையில் ஒரு சின்னக் கடையை வைத்துக்கொண்டு ஒருத்தி கடல் மீன்களுக்கு வைத்தியம் பார்க்கிறாள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உள்ளூர்க்காரர்களே சிரித்து ஓய்ந்தவர்கள்தான். "மீனுக்கு ஒடம்பு சரியில்லன்னா கொழம்புல போடுவாங்க, இவ இன்னாடான்னா படுக்க வெச்சு பத்தியம் பாக்கறா" என்று டீக்கடையில் பேசினார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. டீயை நிதானமாகக் குடித்து முடித்து, "உங்க வூட்டு மீனுக்கு வந்தா தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் முழுப்பெயர் செந்தமிழ்ச்செல்வி. நைனார்பாளையத்தில் குத்தகை நிலத்தில் மக்காச்சோளம் போட்டுப் பிழைத்த குடும்பத்துக்கு இவ்வளவு நீளமான பெயர் எதற்கு என்று பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருக்கிறார்கள். ஊர் அதில் கடைசித் துண்டை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு செல்வி என்று கூப்பிட்டது. வீரமணியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு சென்னைக்குப் போனாள். அவன் சின்ன லோடு வண்டி ஓட்டினான்; இவள் கொளத்தூரில் வண்ண மீன் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். பிளாஸ்டிக் பையில் தண்ணீரும் மீனும் விட்டு, காற்று அடைத்து, ரப்பர் போட்டுக் கட்டும் வேலை.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. உடம்பில் புள்ளியோ புண்ணோ தெரிந்த மீனை ஓரமாக ஒரு வாளியில் போட்டுவிடுவார்கள். மாலையில் அந்த வாளி சாக்கடைக்குப் போகும். செல்விக்கு இது பொறுக்கவில்லை. இரக்கம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அவளே அதை ஒத்துக்கொள்ள மாட்டாள். பிடிவாதம்தான். கண்ணெதிரே மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைச் செத்துப்போனதாக வைத்துக்கொள்வது என்ன நியாயம்? முதலாளியிடம் கேட்டு அந்த வாளி மீன்களை வாங்கிக்கொண்டாள். காயலான் கடையில் கிடந்த உடைந்த ஃபிரிட்ஜ் பெட்டியை மல்லாத்திப் போட்டு, அதில் தண்ணீர் விட்டு, மீன்களை விட்டுப் பார்த்தாள். முதலில் எல்லாம் செத்தன. பிறகு கொஞ்சம் பிழைத்தன. கைப்பேசியில் யார் யாரோ போட்ட வீடியோக்களைப் பார்த்தாள். பக்கத்துக் கொட்டகை ஆட்களை நச்சரித்துக் கேட்டாள். ஒரு கட்டத்தில் செத்தவற்றைவிடப் பிழைத்தவை ஜாஸ்தியாயின. அன்றைக்கு வந்த தெம்பு அவளுக்கு இன்றுவரை இறங்கவில்லை.

வீரமணியின் அப்பாவுக்கு முடியாமல் போனதும் கள்ளக்குறிச்சிக்கே திரும்பி வந்து கடை வைத்தார்கள். முன்பக்கம் தங்கமீனும் கப்பியும் விற்கும். பின்னறைதான் ஆஸ்பத்திரி. அங்கே மணலும் கல்லும் பொம்மையும் கிடையாது. வெறும் தொட்டிகள், காற்று மோட்டார், மீன் ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். புதிதாக வரும் எந்த மீனும் முதலில் பின்னறையில் தனியாக இருந்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே மற்ற மீன்களோடு சேரும். "எவ்ளோ பெரிய எடத்துப் புள்ளையா இருந்தாலும் மொதல்ல பின்ரூமுதான்" என்பாள். ஒரு பல் டாக்டர், ஒரு ஜவுளிக்கடை என்று உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் ஊரில் அவளை நம்பி இருந்தார்கள். மூன்றாவது இடம் உளுந்தூர்பேட்டையில்.

அது பைபாஸ் ஓரத்தில் ராஜாங்கம் நடத்தும் அசைவ ஓட்டல். வெளியூர் பஸ்கள் நிற்கும் இடம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கடல் தொட்டி வைத்தால் கூட்டம் நிற்கும் என்று யாரோ சொல்ல, ராஜாங்கம் வைத்துவிட்டார். அதில் ஒரே ஒரு மீன். கடலோரத்தில் அதை முள்ளுப் பேத்தை என்பார்கள். பெரிய கண், சிரித்தபடி இருக்கும் வாய், மிரண்டால் தண்ணீரை விழுங்கி உருண்டையாக ஊதி முள்ளை விரித்துக்கொள்ளும். மீனவர்கள் வலையில் சிக்கினால் திட்டிக்கொண்டே தூக்கி எறிகிற சாதி. அதற்குப் 'பூசணி' என்று பெயர் வைத்தவள் ராஜாங்கத்தின் மனைவி பாப்பாத்தி. வஞ்சிரம் வறுவலைத் தின்று கை கழுவியவர்கள் எல்லாம் பூசணிக்கு டாட்டா காட்டிவிட்டுத்தான் பஸ் ஏறும்.

பாப்பாத்திக்கு அந்தத் தொட்டி வந்தபோது பிடிக்கவே இல்லை. இடத்தை அடைக்கிறது, கரண்டு இழுக்கிறது என்று கத்தினாள். ஆனால் சமையலறையில் இறால் உரிக்கும்போது ஒன்றை எடுத்து வந்து தண்ணீருக்குள் நீட்டினாள் ஒருநாள். பூசணி வந்து விரலைக் கடிக்காமல் இறாலை மட்டும் கவ்விக்கொண்டு போனது. அதோடு சரி. இப்போதெல்லாம் பூசணிக்குப் போட்ட பிறகுதான் அவள் காலைச் சாப்பாட்டில் கை வைப்பாள். அவள் கல்லாப் பக்கம் வந்தால் அவனும் கண்ணாடி ஓரமாகக் கூடவே வருவான். பெற்ற மகள் வீடியோ காலில் வந்தால்கூட, "இரு, பூசணியக் காட்டறேன்" என்பாள்.

இந்த நேரத்தில் ராஜாங்கம் ஒரு காரியம் செய்தார். வழியில் எவனோ ஒருவன் வண்டியில் வைத்து விற்ற நீல மீன்கள் இரண்டை, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வந்து நேராகத் தொட்டியில் விட்டுவிட்டார். செல்வியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீல மீன்கள் இரண்டும் சீக்கிரமே செத்துப்போயின. போகும்போது தங்கள் நோயைப் பூசணியிடம் கொடுத்துவிட்டுப் போயின. அவன் மேலெல்லாம் உப்புக் கல்லைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள்.

பாப்பாத்தி பார்த்ததும் முடிவு கட்டிவிட்டாள். முகத்தில் முத்து முத்தாகப் போட்டிருந்தால் அது அம்மைதானே? தொட்டிக்கு மேலே வேப்பிலைக் கொத்தைக் கட்டினாள். அம்மை போட்ட இடத்தில் தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது என்று சமையல்காரரின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிவிட்டாள். வறுவலுக்குப் பேர் போன ஓட்டலில் அன்றைக்கு வறுவல் இல்லை. பஸ் டிரைவர்கள் தயிர்சாதத்தைப் பார்த்து முறைத்தார்கள். ராஜாங்கம் தலையில் கை வைத்துக்கொண்டு செல்விக்குப் போன் போட்டார். "நீ வரலன்னா நாளைக்கும் தயிர்சாதந்தாம்மா. எப்படியாச்சும் வந்து சேரு."

செல்வி வந்து இறங்கியபோது பாப்பாத்தி மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துக் கிண்ணத்தில் கரைத்துக்கொண்டு தொட்டி மேல் சாய்ந்திருந்தாள். செல்வி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"கிண்ணத்தக் கீழ வைங்கக்கா!"

"அம்மைம்மா. பாரு, கண்ணுல கூட முத்து."

"அம்மை இல்லக்கா. இத ஊத்துனீங்கன்னா ஆத்தா வர்றதுக்கு மின்னாடி எமன் வந்துடுவான்."

பாப்பாத்தியின் கண் கலங்கியது. "பொழைப்பானா?"

வைத்தியம் பார்ப்பவர்கள் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை. செல்வியும் சொன்னதில்லை. அன்றைக்கு என்னவோ, அந்தக் கலங்கிய கண்ணைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது. "நான் இட்டுக்கினு போறேன். உசுரோட கொண்டாந்து உங்க கையில குடுக்கறேன். போதுமா?" சொன்ன பிறகு திரும்ப வாங்க முடியுமா? முள்ளுப் பேத்தை செத்தால் இன்னொரு முள்ளுப் பேத்தை கிடைக்கும். பாப்பாத்தியின் முகத்தைப் பார்ப்பதற்கு இன்னொரு முகம் செல்விக்குக் கிடைக்காது. அதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் வாளியில் பூசணியை ஏற்றி, வீரமணியின் வண்டியில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனாள்.

மற்ற மீன்களாக இருந்தால் செம்பு மருந்து விட்டிருப்பாள். பேத்தைக்குச் செதில் கிடையாது, முள்தான். அந்த மருந்து அவன் தோலுக்குத் தாங்காது. அதனால் மருந்தே இல்லாத வைத்தியம் ஒன்றை எடுத்தாள். புள்ளி என்று நாம் பார்ப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி மீனின் தோலுக்குள் உட்கார்ந்து தின்னும் இடம். தின்று முடித்ததும் அது உதிர்ந்து தொட்டியின் அடியில் போய் ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வெடித்துக் கிளம்பி மறுபடியும் மீனைத் தேடும். கூடு வெடிப்பதற்குள் மீனை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டால்? குஞ்சுகள் வெறும் தண்ணீரில் அலைந்து சாகும். மூன்று நாளுக்கு ஒருமுறை இப்படி மாற்ற வேண்டும். நாலு மாற்றில் மீன் உடம்பில் ஒன்றும் மிச்சம் இருக்காது.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பாருங்கள், தெரியும். புதுத் தொட்டியில் பழைய தொட்டியின் உப்பு எவ்வளவோ அவ்வளவு உப்பு, சூடு எவ்வளவோ அவ்வளவு சூடு இருக்க வேண்டும். ஆனால் பழைய தொட்டியின் குழாய், கரண்டி, வலை எதுவும் புதுத் தொட்டியைத் தொடக் கூடாது. காலியான தொட்டியைத் தேய்த்துக் கழுவி மொட்டைமாடியில் கவிழ்த்துவிடுவாள். கள்ளக்குறிச்சி வெயிலைத் திட்டாதவர்கள் கிடையாது. செல்வி திட்ட மாட்டாள். பைசா செலவில்லாமல் கிருமியைக் கொல்லும் கம்பவுண்டர் அந்த வெயில்தான் அவளுக்கு.

மாற்று நாளுக்கெல்லாம் பாப்பாத்தி உளுந்தூர்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்களைப் போலவே மடியில் ஒரு தூக்கு. அதில் உரித்த இறால் இருக்கும் என்று செல்வி நினைத்துக்கொண்டாள். "கைய வுடாதீங்கக்கா. தள்ளி நில்லுங்க. மேல சாயாதீங்க" என்று அதட்டிக்கொண்டே வேலையைப் பார்ப்பாள். பாப்பாத்தியும் அடங்கி ஒடுங்கி ஒரு மூலையில் நிற்பாள். மாற்றி முடித்ததும் செல்வி பழைய தொட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போவாள். முதல் மாற்று, இரண்டாம் மாற்று, மூன்று, நாலு. புள்ளிகள் உதிர்ந்தன. பூசணி இறாலைக் கேட்டு வாயைத் திறந்தான். "பாத்தீங்களா?" என்று செல்வி வீரமணியிடம் மார் தட்டினாள்.

தட்டிய கை ஓய்வதற்குள் புள்ளிகள் திரும்பி வந்தன. இந்தத் தடவை கூடுதலாக, செவுளைச் சுற்றிலும். மூச்சு வாங்கியது. இறாலை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். செல்விக்குக் கோபம் தலைக்கேறியது. எங்கே தப்பு? வலையைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், உப்பு மூட்டையைக்கூடச் சந்தேகப்பட்டாள். தண்ணீர் கேன் இறக்கும் வீரமணியைப் பிடித்துக்கொண்டாள்.

"கை கழுவிட்டுத்தான் தொட்டீங்களா? நெஜமாச் சொல்லுங்க."

"கல்யாணத்தப்ப கூட நீ என்னை இவ்ளோ கேள்வி கேக்கலடி" என்றான் அவன். அவன் மேல் தப்பில்லை. இவளுக்கும் அது தெரியும். கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

வேறு வழியில்லாமல் மறுபடியும் ஒரு சுத்தமான தொட்டிக்குப் பூசணியை மாற்றினாள். அன்றைக்கும் பாப்பாத்தி வந்திருந்தாள். செல்வி பழைய தொட்டியோடு மாடிப்படி ஏறினாள். பாதியில், தேய்க்கிற பிரஷ்ஷைக் கீழேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்து திரும்பினாள். பின்னறைக் கதவைத் தள்ளினால், பாப்பாத்தி தூக்கைச் சாய்த்துப் புதுத் தொட்டிக்குள் மெதுவாக எதையோ ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாக்கா அது?"

"ஒண்ணுமில்லம்மா. நம்ம ஓட்டல் தொட்டித் தண்ணி. ஒரு சொம்புதான்." பாப்பாத்தி சாதாரணமாகத்தான் சொன்னாள். "புதுத்தண்ணி ஒத்துக்காம போயிடும்ல? எம் பொண்ணு கைக்கொழந்தையா இருந்தப்ப எந்த ஊருக்குப் போனாலும் எங்க வூட்டுத் தண்ணியத்தான் எடுத்துக்கினு போவேன். கொஞ்சம் பழைய தண்ணி கலந்தா அவனுக்கும் வேத்து எடம்னு தோணாது."

"எத்தினி தடவ ஊத்துனீங்க?"

"வர்றப்ப எல்லாந்தான்."

செல்வி கத்தினாள். முன்பக்கம் கப்பி வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள். "நீங்க ஊத்துனது தண்ணி இல்லக்கா, நோவு! நான் அங்கேருந்து அவனப் பிரிச்சுக் கொண்டாந்தா நீங்க அந்த நோவ தூக்குல புடிச்சு பஸ்ஸுல எடுத்துக்கினு வர்றீங்க!"

பாப்பாத்தி கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளி மேல் உட்கார்ந்துவிட்டாள். தூக்கு கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. "நானா?" என்றாள். "நானேவா அவனுக்கு வெச்சேன்?" அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பெண்பிள்ளைக்கும் பொருந்தும். அந்த முகத்தைப் பார்த்த பிறகு செல்விக்கு மேற்கொண்டு கத்த வாய் வரவில்லை. பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

பிறகு செல்வி கேட்டாள். "அக்கா, அம்மை எறங்குனா தலைக்குத் தண்ணி ஊத்துவோம்ல? மொத தண்ணி, நடுவுல நாள் வுட்டு ரெண்டாந் தண்ணி, அப்பறம் மூணாந் தண்ணி."

"ஆமா."

"மொத தண்ணி ஊத்துறப்ப கீழ வழியற தண்ணியப் புடிச்சு வெச்சு, ரெண்டாந் தண்ணியில கலப்பீங்களா?"

"சீச்சீ! யாராச்சும் அப்படிச் செய்வாங்களா? கால் படாத எடமாப் பாத்து இல்ல கொட்டுவோம்..." பாப்பாத்தி அப்படியே நிறுத்தினாள். தொட்டியைப் பார்த்தாள், உருண்டு கிடந்த தூக்கைப் பார்த்தாள். "அட ஆத்தா! இதுவும் அப்படித்தானா?"

"அப்படியேதான். இவனுக்கு நாலு தண்ணி."

பாப்பாத்தி எழுந்து நின்றாள். இப்போது கோபப்படுவது அவள் முறை. "இத மொத நாளே சொல்றதுக்கு இன்னா? தொடாத, சாயாத, தள்ளி நில்லுன்னே. ஏன்னு ஒரு வார்த்த சொன்னியா? நான் இன்னா கூறு கெட்டவளா, சொன்னா புரியாதா எனக்கு?"

கொளத்தூரிலிருந்து இன்றுவரை மீன்களோடு பேசிய அளவுக்கு மீன் வளர்ப்பவர்களோடு செல்வி பேசியதில்லை என்பது உண்மைதான். "சொல்லலக்கா" என்றாள். "சொல்லியிருக்கணும். அவன் பொழைக்கணும்னா இனிமே நீங்களும் கூட நின்னு செய்ங்க."

முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. தூக்குத் தண்ணீர் விழுந்த அந்தத் தொட்டியிலிருந்து அப்போதே அவனை எடுத்தாக வேண்டும். அங்கேதான் பெரிய சிக்கல். பேத்தையை வலையில் அள்ளக் கூடாது. தண்ணீருக்கு வெளியே மிரண்டால் காற்றை விழுங்கி ஊதிவிடும். விழுங்கிய காற்று எளிதில் வெளியே வராது, வயிறு மேலாக மிதந்து செத்துப்போகும். அதனால் இதுவரை ஒரு ஜாடியில் தண்ணீரோடு முகந்து, முடிந்தவரை வடித்துவிட்டு நழுவவிட்டாள். எப்படியும் ஒரு கை பழைய தண்ணீர் கூடவே போகும். நல்ல தெம்பில் இருந்தபோது அது பரவாயில்லை. இப்போது அவனுக்கு இருப்பது அரை உயிர். ஒரு கை தண்ணீரில் வரும் நோயைக்கூடத் தாங்க மாட்டான். கையால்தான் தூக்க வேண்டும். சொட்டுத் தண்ணீர் இல்லாமல், அவன் மிரளாமல்.

செல்வி கையை உள்ளே விட்டாள். அத்தனை நோயிலும் பூசணி விலுக்கென்று விலகிப் போய்ப் பாதி ஊதிக்கொண்டான். மறுபடியும் முயன்றாள், முள் விரிந்தது. அவள் கையை அவன் நோயாகவே நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

"தள்ளிக்கோ" என்றாள் பாப்பாத்தி.

"வளையலக் கழட்டுங்கக்கா. அதுல தண்ணி தங்கும்."

"எங்க வூட்டுக்காரரு குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப நான் எதுக்குக் கழட்டறேன்?" வளையல்களை முழங்கை வரைக்கும் ஏற்றி, தலைமுடியில் இருந்த ரப்பரை எடுத்து இறுக்கிப் போட்டாள். செல்வி காட்டிய மாதிரி சோப்பில்லாமல் கையைக் கழுவினாள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தண்ணீருக்குள் இறக்கி அசையாமல் வைத்துக்கொண்டாள். கூப்பிடவும் இல்லை, துரத்தவும் இல்லை.

பூசணி தூரத்திலிருந்தே பார்த்தான். ஊதியிருந்த வயிறு மெல்லத் தணிந்தது. துடுப்பை அசைத்து அசைத்துக் கிட்ட வந்தான். விரல் நுனியில் மூக்கை வைத்தான். பிறகு, கட்டிலைக் கண்ட நோயாளி போல, அந்த உள்ளங்கையில் அப்படியே இறங்கிப் படுத்துக்கொண்டான்.

"ஒரே மூச்சு. எடுத்து, வடிச்சு, வுட்டுடணும். நிக்கக் கூடாது" என்றாள் செல்வி. காற்றை ஒரு வாய் விழுங்கினானானால் எல்லாம் முடிந்தது; கொடுத்த வாக்கும் முடிந்தது.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பாப்பாத்தி பதறவில்லை. கையைத் தூக்கினாள். விரல் சந்துகளில் தண்ணீர் வழிந்து பழைய தொட்டியிலேயே விழுந்தது. வெட்ட வெளியில், காற்றில், இரண்டு தொட்டிக்கும் நடுவில், அந்த மீன் அவள் கையில் முள்ளை மடக்கிக்கொண்டு கிடந்தது. ஊதவில்லை. அடுத்த கணம் புதுத் தண்ணீருக்குள் இருந்தான். செல்வி கண்ணாடியோடு முகத்தை ஒட்டி அவன் வயிற்றைப் பார்த்தாள். இத்தனை வருஷத் தொழிலில் அவள் இப்படிப் பயந்ததும் இல்லை, இப்படிச் சந்தோஷப்பட்டதும் இல்லை.

அதன் பிறகு பாப்பாத்தி வெறுங்கையோடு வந்தாள், வெறுங்கையோடு போனாள். முதல் தண்ணி, இரண்டாம் தண்ணி என்று அவளே நாளைக் கணக்கு வைத்துக்கொண்டு, செல்விக்கு முதல்நாளே போன் போட்டு நினைவுபடுத்துவாள். மாற்றுகிற வேலை முழுக்க அவள் கையில். தொட்டியும் உப்பும் வெயிலும் செல்வியின் பாடு. இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே செய்தார்கள். ஒருத்தி உப்பு போதாது என்பாள், மற்றவள் அளந்து காட்டுவாள். மூன்றாம் தண்ணியில் புள்ளிகள் நின்றன. நாலாம் தண்ணிக்குப் பிறகு எத்தனை தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஆனாலும் உடனே வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஓட்டல் தொட்டியில் மீன் இல்லாமல் இரண்டரை மாதமாவது கிடக்க வேண்டும். அங்கே ஒளிந்திருக்கும் கடைசிக் கூடும் வெடித்துப் பட்டினியில் சாக வேண்டும். ராஜாங்கத்துக்குக் கல்லா ஓரத்தில் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய தண்டனை. பஸ்ஸில் வருகிறவர்கள், "அந்தக் குண்டு மீனு எங்கங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "அம்மை போட்டு ஊருக்குப் போயிருக்கான்" என்பார் அவர். இடையில் அதே வண்டிக்காரன் நீல மீன்களோடு வந்து நின்றானாம். ராஜாங்கம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினார் என்று சமையல்காரர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கெடு முடிந்த அன்று பகல் வேளை. இரண்டு பஸ் நிற்கிறது, ஓட்டலில் உட்கார இடமில்லை. வீரமணி வாளியை இறக்கி வைத்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். செல்வி வாளித் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் அளந்து பார்த்துச் சரியென்று தலையாட்டினாள். பாப்பாத்தி வளையலை முழங்கைக்கு ஏற்றினாள், ஸ்டூல் மேல் ஏறி நின்றாள்; வீரமணி வாளியைத் தூக்கிப் பிடித்தான். பூசணியைக் கையில் ஏந்தித் தொட்டிக்குள் விட்டாள்.

பூசணி நேராக அடிக்குப் போனான். ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தான். பாப்பாத்தி இறாலை நீட்டினாள், வரவில்லை. யாரோ உச்சுக் கொட்டினார்கள். "தண்ணி மாறிடுச்சுல்ல, அதான்" என்றார் ஒரு பெரியவர். பாப்பாத்தி திரும்பிச் செல்வியைப் பார்த்தாள். உயிரோடு கொண்டு வந்து கையில் கொடுத்தாயிற்று, வாக்கு காப்பாற்றியாயிற்று. ஆனால் இப்படி மூலையில் கிடப்பதற்கா இத்தனை பாடு? செல்வியும் ஸ்டூலில் ஒரு கால் வைத்து ஏறி, தொட்டியின் மேல் முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

பூசணி கிளம்பினான். அடியிலிருந்து மேலே வந்தான், தண்ணீர் மட்டத்துக்கு வாயை நீட்டினான், நீட்டி, வாய் நிறைய வைத்திருந்த தண்ணீரைச் செல்வியின் முகத்தில் பீச்சி அடித்தான். தெம்பு இல்லாத பேத்தை அதைச் செய்யாது. பசி வந்து, திமிர் வந்து, 'எங்கே என் சாப்பாடு' என்று கேட்கிற பேத்தைதான் செய்யும். அடித்துவிட்டுப் பாப்பாத்தியின் விரலிலிருந்த இறாலைப் பிடுங்கிக்கொண்டு போனான்.

ஓட்டலே சிரித்தது. ராஜாங்கம் கல்லாவை விட்டு எழுந்து நின்று சிரித்தார். பாப்பாத்தி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியாமல், முந்தானையை எடுத்துச் செல்வியின் முகத்தைத் துடைக்கப் போனாள். செல்வி அவள் கையைத் தடுத்துவிட்டு, உதட்டில் வழிந்ததை நாக்கால் தொட்டுப் பார்த்தாள்.

"உப்பு சரியாத்தான்க்கா இருக்குது" என்றாள்.